உப்பு நுழையும் வழி

காஸ்தீஜோஸ் ஊரில் தூண்டில் விற்கிற கடை ஒன்றுதான்.
மாட்டுத் தீவனமும் அங்கேயே கிடைக்கும்.
வாஷிங்டன் தெச்சேரா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
பொன்னிற ரீல் ஒன்றை
இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.
"பதினோரு பேரிங், மிர்த்தா."

என்னிடம் எண்ணிக்கை சொல்லி ஆகாது.
இருபது வருஷமாய்க் கடலோர விடுதிகளின்
சலவை எந்திரங்களைப் பிரித்துப் போடுகிறவள் நான்.
பதினோரு பேரிங் என்றால் பதினோரு வாசல்.
உப்புக்கு ஒரு வாசல் போதும்.

கைப்பிடியைச் சுற்றினேன்.
யோசிக்காதவன் பேச்சுப்போல் வழுக்கி ஓடியது.
கடைக்குள் எல்லா ரீலும் அப்படித்தான் ஓடும்.
கடைக்குள் மணல் இல்லை.

"அந்தச் சாம்பல் நிறத்தது?"
"அதா? கனம். பழைய மாடல். நாலே பேரிங்."
கையில் வாங்கினேன்.
கல்லுப்போல் இருந்தது, உடம்பு முழுக்க அலுமினியம்.
நரம்பு உருளும் சிறு சக்கரத்தை நகத்தால் தள்ளினேன்,
முதலில் சாவது எப்போதும் அதுதான்.
நின்று, பிறகு சுழன்றது.
வளைகம்பி கெட்டி. சுருளில் முந்நூறு மீட்டர் கொள்ளும்.
இழுவைத் திருகைக் கழற்றி உள்ளே பார்த்தேன்:
கார்பன் வட்டுகள், சுற்றிலும் ரப்பர் வளையம்.
காதோடு வைத்துச் சுற்றியபோது
மாவரைக்கிற மாதிரி தாழ்ந்த ஒரு முனகல்.
தெச்சேரா சிரித்தார்:
"ரீல் வாங்க வந்தாயா, சங்கு வாங்க வந்தாயா?"

போன நவம்பரில் வலீசாஸ் கரையில்,
தென்கிழக்குக் காற்று அடித்து ஓய்ந்த இரவில்,
நெல்சனின் ரீலை இரவல் வாங்கி வீசினேன்.
நெல்சன் என் முன்னாள் கணவனின் தம்பி.
விவாகரத்தில் எனக்கு மிஞ்சிய உறவு அவன் ஒருவன்.
இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன்.
கறுப்புக் கொர்வினா ஒன்று
யாரோ கதவை இழுத்துச் சாத்துகிற மாதிரி இழுத்தது.
இழுவை இளகவில்லை.
கைப்பிடி இறுகிப்போனது.
நரம்பு அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை,
தோளுக்குக் கேட்டது.

மட்டமான ரீல் என்று
அந்தக் கோடை முழுக்க எல்லோரிடமும் சொன்னேன்.
நெல்சனிடமும் சொன்னேன்.
அவனும் தலையாட்டினான்.

இப்போது, நாற்பது கிலோ தீவன மூட்டைமேல் உட்கார்ந்து,
தெச்சேரா ரசீதுப் புத்தகத்தைத் தேடுகிற நேரத்தில்
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அதற்கு முந்தின வாரம் ரீல் கைநழுவி மணலில் விழுந்தது.
நான்தான் விடுதி வண்டிகளைக் கழுவுகிற
பீச்சுக் குழாயைப் பிடித்து அதன்மேல் அடித்தேன்.
உப்பை வெளியே தள்ளவில்லை அந்தத் தண்ணீர்.
அடித்து உள்ளே ஏற்றியது.
சலவை எந்திரத்துக்கு அப்படிச் செய்தவனை
வேலையை விட்டே துரத்தியிருப்பேன்.

"இரண்டும் கொடுங்கள்" என்றேன்.

பொன்னிறத்தது நெல்சனுக்கு.
என் இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு அது.
வாங்கியதும் அவன் கண் கலங்கியது.
பதினொன்றா, பதினொன்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.
சொல்லியிருக்கலாம் அப்போது,
குழாயைப் பற்றி, மணலைப் பற்றி.
மாத்தே கோப்பையை அவன் நீட்டினான்,
வாங்கி உறிஞ்சினேன்.

நேற்றிரவு இருவரும் கரையில்.
மீன் இல்லை. நண்டு மட்டும்
இரையைத் தின்றுவிட்டு வெறும் முள்ளை அனுப்பியது.
அவனுடையது ஓசையில்லாமல் சுற்றியது.
என்னுடையது முனகியது.
வீட்டுக்கு வந்து இழுவைத் திருகை இறுக்கி,
ஈரத்துணியால் மெல்ல ஒற்றி,
நிழலில் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் நெல்சன் தொலைபேசியில்:
"மிர்த்தா, அந்த விடுதிக் குழாய் இன்னும் இருக்கிறதா?
ரீலைக் கழுவ வேண்டும்."

இரு, வருகிறேன் என்றேன்.
தொடாதே என்றேன்.
ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன்.